ஒரே வைரஸ், பையன் மூணே நாள்ல எழுந்து ஓடுறான், ஆயா இன்னும் எழல. வயசான நுரையீரல்ல என்னதான் நடக்குது?

பாலக்கோட்டான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டாக்டருங்க, நர்ஸுங்க, இல்ல இது சம்பந்தமா படிச்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வெளக்கமா பதில் சொல்லுங்க.

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். எங்க ஆயாவுக்கு, அதாவது அப்பாவோட அம்மாவுக்கு, 74 வயசு. பீடி, சிகரெட் எதுவும் கெடையாது, வெத்தல பாக்கு மட்டும் உண்டு. சுகர் இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுவாங்க. இந்த வயசுலயும் தக்காளி தோட்டத்துக்கு கூலி ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி போயி நிக்கிற ஆளு, அவங்கள வயசானவங்கன்னு நாங்க யாரும் நெனச்சதே இல்ல.

மார்கழி பனில எங்கண்ணன் பையன், ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான், ஸ்கூல்ல இருந்து சளி ஜுரத்த கொண்டாந்தான். 102 அடிச்சுது, கண்ணெல்லாம் செவந்து படுத்தே கெடந்தான், மூணாவது நாளு வாசல்ல பேட்ட தூக்கிட்டு ஓடுறான். அப்புறம் அண்ணி, அப்புறம் நான், எனக்கு ஒரு வாரம் உடம்பு வலி கொன்னுடுச்சு, அவ்ளோதான். கடைசியா ஆயா. அவங்களுக்கு ஜுரமே இல்லீங்க. தெர்மாமீட்டர் வெச்சா 98 தான். இருமலும் லேசா தான். ஆனா களிய தொடல, களி இல்லாம அவங்களுக்கு ஒரு பொழுது போகாது. சாயங்காலம் என்னைய பாத்து பெரியப்பா பேர சொல்லி கூப்ட்டு "மாட்டுக்கு தண்ணி காட்டுனியாடா"ன்னாங்க. எங்க வீட்ல மாட்ட வித்து வருஷக்கணக்காச்சு. சித்தப்பா "ஜுரம் இல்லல்ல, வுடு, வயசாயிடுச்சு, அப்டி தான் பேசுவாங்க"ன்னுட்டாரு. காலைல பக்கத்து வீட்டு அக்கா வெரல்ல மாட்டுற மிஷின கொண்டாந்து பாத்தா ஆக்சிஜன் 86 காட்டுது. 108க்கு போன் போட்டு தர்மபுரில சேத்தோம். டெஸ்ட்ல இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ், எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளை, ஆக்சிஜன் வெச்சாங்க, நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா இப்பவும் திண்ணைல இருந்து பாத்ரூம் போயிட்டு வந்தா செவுத்த புடிச்சிகிட்டு நின்னு மூச்சு வாங்குறாங்க.

என் கொழப்பம் இதான். வயசானா எதிர்ப்பு சக்தி கம்மி ஆயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா வார்டுல டாக்டர் "வைரஸ் பண்ணத விட உடம்போட ரியாக்ஷன் ஓவரா போயி பண்ணது தான் அதிகம்"னாரு. கம்மியா, ஓவரா? ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? ஜுரம் ஏன் வரல? இனிமே பழைய மாதிரி ஆவாங்களா?

காவேரிப்பட்டணம்_மாங்கா:

கவலப்படாதீங்க தம்பி, எங்க மாமியாருக்கும் இதே தான். நொச்சி தழையும் மஞ்சளும் போட்டு ஆவி புடிக்க சொல்லுங்க, ஆடாதோடை கசாயம் குடுங்க, நெஞ்சுல கட்டியிருக்கிற சளி எறங்கும். மறுபடி சளி புடிக்கிற மாதிரி தெரிஞ்சா வெயிட் பண்ணாதீங்க, மெடிக்கல்ல சொன்னாலே அஞ்சு நாளைக்கு செட்டு போட்டு குடுப்பாங்க, ஆன்டிபயாடிக்கும் அதுலயே இருக்கும். நாங்க எப்பவும் அப்படித்தான்.

நுண்ணுயிர்_பித்தன்:

ப்ரோ, ஊத்தங்கரைல இருந்து. நான் டாக்டர் இல்ல, மைக்ரோபயாலஜி படிச்சுட்டு வைரஸ் லேப்ல வேல பாக்குறவன், அதனால மருந்து மாத்திரை பத்தி பேச மாட்டேன். ஆனா "கம்மியா, ஓவரா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு தான் இத்தன வருஷமா ஆராய்ச்சி பண்றவங்களும் பதில் தேடிட்டு இருக்காங்க. சுருக்கமா சொன்னா ரெண்டும் தான். மொத ரெண்டு நாளு கம்மி, அதுக்கப்புறம் ஓவர். கம்மியா இருந்ததால தான் ஓவரா போகுது.

வைரஸ் வர்றதுக்கு முன்னாடி இருந்தே ஆரம்பிக்கிறேன். நுரையீரல் 20, 25 வயசுல உச்சத்துல இருக்கும், 30 தாண்டுனா எறங்குமுகம். புகையே புடிக்காத ஆளுக்கும், முழுசா இழுத்துட்டு வேகமா ஊதுனா மொத செகண்டுல வெளிய வர்ற காத்து வருஷத்துக்கு சுமார் 25ல இருந்து 30 மில்லி கொறஞ்சுட்டே போகும். ஒரு வருஷத்துக்கு அது ஒண்ணுமே இல்ல, 40 வருஷத்துக்கு கணக்கு போட்டா ஒரு லிட்டர தாண்டும். அதோட விரிஞ்ச நுரையீரல் தானா சுருங்குற இழுவிசை தளர்ந்துடும், நெஞ்சுக்கூடு இறுகிடும், மூச்சு விடுற தசைங்க பலம் கொறையும். மூச்சுக்குழாய் உள்பக்கம் கண்ணுக்கு தெரியாத முடிங்க இருக்கு, சிலியான்னு பேரு, சளிய மேல மேல தள்ளி தொண்டைக்கு கொண்டாந்து வுடும், அதோட வேகமும் கொறஞ்சுடும். இருமலே வரணும்னு தோணுற உணர்ச்சியும் மழுங்கிடும். உங்க ஆயாவுக்கு இருமல் லேசா இருந்துச்சுன்னீங்களே, வியாதி லேசா இருந்ததா அதுக்கு அர்த்தம் இல்ல. இதெல்லாம் தோட்டத்துல வேல செய்யுறப்ப வெளிய தெரியாது, ஏன்னா நம்ம எல்லாருக்கும் நுரையீரல் தேவைக்கு மேல நெறைய இருக்கு. அந்த உபரி தான் வயசானப்ப கரைஞ்சிருக்கும், நிமோனியா வந்தா தான் அது தெரிய வரும்.

இப்ப வைரஸ் உள்ள வருது. ஒரு செல்லுக்குள்ள வைரஸ் பூந்த உடனே அந்த செல்லு இன்டர்ஃபெரான்னு ஒரு பொருள வெளிய விடும். அது பக்கத்து செல்லுங்களுக்கு போற எச்சரிக்கை, அதுங்க உடனே கதவ சாத்திக்கும், வைரஸ் பெருக முடியாது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். ராகி முத்துற நேரத்துல யானை எறங்குது. மொத காட்டுல காவல் இருக்கிறவன் பாத்த உடனே கூவி பட்டாசு போட்டான்னா யானை ஓரத்துல ரெண்டு பாத்திய தின்னுட்டு காட்டுக்கு திரும்பிடும், அது சின்ன பசங்க நுரையீரல். காவல்காரன் அசந்து தூங்கிட்டான்னா, யானை பாதி காட்ட தின்னதுக்கப்புறம் தான் சத்தம், அப்ப ஊரே பந்தத்த புடிச்சுகிட்டு ஓடியாந்து, இருட்டுல மீதி இருக்கிற ராகிய மனுஷனுங்களே மிதிச்சு நாசம் பண்ணிடுவாங்க. விடிஞ்சு பாத்தா யானை மிதிச்சது எது, ஊரு மிதிச்சது எதுன்னு பிரிக்க முடியாது. உங்க டாக்டர் சொன்னது அதத் தான்.

கதைக்காக சொல்லல, இத மனுஷங்க ரத்தத்துலயே பாத்திருக்காங்க. 2016ல யேல் பல்கலைக்கழக ஆளுங்க இளவட்டங்க ரத்தத்துல இருந்தும் வயசானவங்க ரத்தத்துல இருந்தும் மோனோசைட்னு ஒரு வகை வெள்ளை அணுவ எடுத்து, அது மேல இன்ஃப்ளூயன்சா வைரஸ விட்டு பாத்தாங்க. வயசானவங்க அணுவுல இன்டர்ஃபெரான் சரியா வரல. ஆனா வீக்கத்த, அதாவது அழற்சிய, உண்டாக்குற மத்த பொருளெல்லாம் இளசுங்களுக்கு வர்ற மாதிரியே வந்துச்சு. அதாவது வைரஸ நிறுத்துற பக்கம் மட்டும் படுத்துடுது, தீ மூட்டுற பக்கம் அப்படியே இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு, எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம். சில வயசானவங்க ஒடம்புல அவங்களோட சொந்த இன்டர்ஃபெரானயே புடிச்சு முடக்குற ஆன்டிபாடி ஏற்கனவே இருக்கு, அவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. கொரோனா நேரத்துல, 2021ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 70 வயசு தாண்டுனவங்கள்ல 100க்கு 4 பேர் கிட்ட இது இருந்துச்சு, கொரோனால செத்தவங்கள்ல 5ல ஒருத்தர் கிட்ட இருந்துச்சு. சின்ன வயசுக்காரங்க கிட்ட இது ரொம்ப அபூர்வம்.

அடுத்து காத்துப்பைக்குள்ளயே குடியிருக்கிற மேக்ரோஃபேஜ்னு ஒரு அணு. வைரஸ், தூசி, செத்த செல்லு எல்லாத்தயும் முழுங்கி சுத்தம் பண்றது அதோட வேல. வயசான எலிகள்ல பாத்தா இதோட எண்ணிக்கையும் கம்மி, முழுங்குற வேகமும் கம்மி. அதனால என்ன ஆகுதுன்னா, சண்டைக்கு வந்த நியூட்ரோஃபில்னு வெள்ளை அணுக்கள் வேல முடிஞ்சு செத்தாலும் அள்ளிப்போட ஆளில்லாம அங்கயே கெடந்து, உள்ள இருக்கிற அரிக்கிற பொருளெல்லாம் கசிஞ்சு காத்துப்பை சுவர கெடுக்குது. காத்து இருக்க வேண்டிய எடத்துல தண்ணி வந்துடும், எக்ஸ்ரேல வெள்ளையா தெரிஞ்சது அது தான்.

அப்புறம் டி-செல்னு இன்னொரு வகை வெள்ளை அணு. அது பக்குவப்படுற எடம் தைமஸ்ங்கற சுரப்பி, நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கு. பருவ வயசுல இருந்தே அது சுருங்கி கொழுப்பா மாற ஆரம்பிச்சுடும். 70 வயசுல புதுசா ஒரு வைரஸ் வந்தா அத அடையாளம் கண்டுக்க புது டி-செல் கையிருப்பு ரொம்ப கம்மி, பழைய வியாதிங்கள ஞாபகம் வெச்சிருக்கிறதுங்க தான் மிச்சம். போதாததுக்கு வயசானவங்க ஒடம்புல வியாதி எதுவும் இல்லாதப்பவே ரத்தத்துல லேசா அழற்சி எப்பவும் இருக்கும், சுகர் இருந்தா அது இன்னும் கூட. அதனால அடுப்பு ஏற்கனவே சூடு. எழுத எழுத நீண்டுட்டே போகுது, மீதிய யாராச்சும் ஆஸ்பத்திரி அனுபவம் இருக்கிறவங்க சொல்லட்டும்.

மாங்கா அண்ணா, கோச்சுக்காதீங்க, ஆன்டிபயாடிக் வைரஸ ஒண்ணும் பண்ணாது. வைரஸ் சுவர கெடுத்து வெச்ச எடத்துல பின்னாடியே பாக்டீரியா ஏறுறது உண்டு, முக்கியமா நிமோகாக்கஸ், அப்ப டாக்டர் பாத்து குடுப்பாங்க. கடையில செட்டு வாங்கி போடுறது வேற.

தளி_மழை:

நான் ஓசூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், நெஞ்சு சளி வார்டுல தான் டியூட்டி. பித்தன் தம்பி உள்ள நடக்கிறத சொல்லிட்டாரு, நான் வெளிய தெரியறத சொல்றேன்.

ஜுரம் விஷயம். ஜுரம்ங்கறது வைரஸ் குடுக்கிறது இல்லீங்க, நம்ம ஒடம்பு அதுக்கு குடுக்கிற பதில். பதில் குடுக்கிற சக்தி மங்குனா ஜுரமும் வராது. பெரிய இன்ஃபெக்ஷன் இருக்கிற வயசானவங்கள்ல 100க்கு 20, 30 பேருக்கு ஜுரம் வராது, இல்ல ரொம்ப லேசா தான் வரும். அவங்களோட சாதாரண சூடே நம்மள விட கொஞ்சம் கம்மியா தான் இருக்கும், அதனால 99ன்னா கூட அவங்களுக்கு அது ஜுரம் தான். அதுக்கு பதிலா என்ன வரும்னா, சாப்பாட தள்ளுவாங்க, நின்ன எடத்துல விழுவாங்க, படுக்கையிலயே மூத்திரம் போயிடுவாங்க, ஆள மாத்தி பேசுவாங்க. உங்க ஆயா மாட்ட கேட்டாங்க பாருங்க, எங்க வார்டுல அட்மிஷன் போடுறப்ப அத தனியா எழுதி வெப்போம். நிமோனியா எவ்ளோ சீரியஸ்னு கணக்கு போட கர்ப்-65ன்னு ஒரு ஸ்கோர் இருக்கு, அதுல திடீர் கொழப்பத்துக்கு ஒரு மார்க்கு, நிமிஷத்துக்கு மூச்சு 30 இல்ல அதுக்கு மேல போனா ஒரு மார்க்கு, ரத்தத்துல யூரியாவுக்கு ஒண்ணு, பிரஷர் எறங்குனா ஒண்ணு, 65 வயசு ஆயிருந்தாலே சும்மா ஒரு மார்க்கு. வயசையே ஒரு வியாதி மாதிரி சேத்து எண்ணுறாங்கன்னா பாத்துக்கோங்க. அதனால "வயசாயிடுச்சு, அப்டி தான் பேசுவாங்க"ங்கற பேச்ச நான் ஒத்துக்கவே மாட்டேன். நேத்து வரைக்கும் தக்காளி கணக்கு பாத்தவங்க இன்னிக்கு ஆள் தெரியலன்னா அது வயசு இல்ல.

மூச்சு வாங்கலயேன்னு கேப்பீங்க. ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சா மூச்ச வேகப்படுத்தணும்னு மூளைக்கு போற தகவலும் வயசானா மந்தமாயிடும். 86 இருக்கும், ஆளு அமைதியா ஒக்காந்திருப்பாங்க. அதனால எண்ணிப் பாருங்க. அவங்க படுத்திருக்கிறப்ப அவங்களுக்கு தெரியாம, வயிறு மேல ஏறி எறங்குறத ஒரு முழு நிமிஷம் எண்ணணும், எண்ணுறோம்னு தெரிஞ்சா மூச்ச மாத்தி விடுவாங்க. 25க்கு பக்கமா போச்சுன்னா வீட்ல வெச்சு பாக்காதீங்க. வெரல் மிஷின்ல 94க்கு கீழ போனாலும் அதே தான். நெயில் பாலிஷ் இருந்தா, கை சில்லுன்னு இருந்தா தப்பா காட்டும், எங்க தளி குளிருக்கு கைய தேச்சு சூடு பண்ணிட்டு தான் மாட்டணும். கருத்த தோல்ல நெஜத்த விட கொஞ்சம் கூடவே காட்டும், அதனால 94ன்னு காட்டுதேன்னு நிம்மதியா இருக்காதீங்க, ஆளையும் பாருங்க. பழைய வீசிங் வியாதி இருக்கிறவங்களுக்கு கணக்கு வேற, அவங்க நார்மலே கம்மியா இருக்கும், அத டாக்டர் கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும்.

ஒரு விஷயத்துல எனக்கு ரொம்ப கோவம் வரும். சளின்னு போனா சில எடத்துல டெக்ஸாங்கற ஸ்டீராய்டு ஊசிய போட்டு அனுப்பிடுவாங்க, அன்னிக்கு நல்லா தெம்பா இருக்கும். கொரோனால ரெக்கவரின்னு இங்கிலாந்துல பெரிய டிரையல் பண்ணாங்க, 2020ல. ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்கு டெக்ஸா உயிர காப்பாத்துச்சு, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பிரயோஜனம் இல்ல. அது கொரோனாவுக்கு. இன்ஃப்ளூயன்சாவுல ஸ்டீராய்டு எடுத்தா கெடுதல் ஆகலாம்னு தான் டாக்டருங்க பயப்படுறாங்க. பித்தன் சொன்ன மாதிரி மொத ரெண்டு நாளு ஏற்கனவே எதிர்ப்பு கம்மி, அந்த நேரத்துல இன்னும் அமுக்குனா வைரஸுக்கு தான் கொண்டாட்டம், சுகரும் எகிறிடும். ஃப்ளூவுக்குன்னே ஒசெல்டாமிவிர் மாத்திரை இருக்கு, அது ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள போட்டா தான் நல்லா கேக்கும். ஜுரம் வரட்டும்னு காத்திருந்தா அந்த 48 மணி நேரம் போயிடும்.

பழைய மாதிரி ஆவாங்களான்னு கேட்டீங்க. நெறைய பேரு ஆவாங்க, ஆனா மாசக்கணக்குல ஆகும். காத்துப்பை சுவர திரும்ப கட்டுறதுக்குன்னு நுரையீரல்லயே ஒரு செல்லு இருக்கு, ரெண்டாம் வகை காத்துப்பை செல்லுன்னு சொல்வாங்க, வயசானவங்களுக்கு அது மெதுவா தான் வேல செய்யும், சில எடத்துல சுவருக்கு பதிலா தழும்பு விழுந்துடும். அதோட படுத்தே கெடந்ததுல தொடை சதை கரைஞ்சிருக்கும், பாத்ரூம் போயிட்டு வந்தா மூச்சு வாங்குறதுல பாதி அதுவாவே இருக்கலாம். மூணு பந்து இருக்கிற மூச்சு பயிற்சி கருவி குடுத்து அனுப்பியிருப்பாங்களே, அத ஊதக்கூடாது, மெதுவா உள்ள இழுக்கணும், பாதி பேரு வீட்ல ஊதிட்டு இருப்பாங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைங்க. முட்டை, பருப்பு, கொள்ளு ரசம், நாட்டுக்கோழி, எது எறங்குதோ குடுங்க. நெஞ்சு வலி, தாடை வலி, திடீர் வேர்வைன்னா அலட்சியம் வேண்டாம், ஃப்ளூ வந்த மொத ஒரு வாரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு 6 மடங்கு கூடுதுன்னு கனடாவுல 2018ல கணக்கு போட்டு காட்டியிருக்காங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வலியே தெரியாம கூட வரும்.

பர்கூர்_கல்லு:

அக்கா சொன்னதுல நான் ஒண்ணு சேக்குறேன். வயசு மட்டும் இல்லீங்க, அந்த வயசு வரைக்கும் நுரையீரல் என்ன இழுத்துச்சுன்னும் பாக்கணும். எங்கப்பா கிரானைட் பட்டறைல கல்லு அறுத்தவரு, 60 கூட ஆகல, அந்த தூசி உள்ள போயி ஒக்காந்துகிட்டு சாதா சளிக்கே ஆஸ்பத்திரி தான். உங்க ஆயா பீடி புடிக்கலன்னீங்க, வெறகு அடுப்புல எத்தன வருஷம் சமைச்சாங்க? எங்கம்மா ஒரு சிகரெட்டு புடிச்சதில்ல, ஸ்கேன்ல பாத்துட்டு டாக்டர் மொதல்ல கேட்டது வீட்ல என்ன அடுப்புன்னு தான்.

பாலக்கோட்டான்:

வெறகு அடுப்பு தான்ணா, கேஸ் வந்ததுக்கு அப்புறமும் களி கிண்ட மட்டும் வெளிய அடுப்பு மூட்டுவாங்க, கேஸ்ல கிண்டுனா ருசி இல்லன்னு. அத யாரும் கேக்கவே இல்ல, அடுத்த ரிவ்யூல சொல்லிடுறேன். பித்தன் ப்ரோ, யானை மேட்டர வீட்ல சொன்னேன், சித்தப்பாவுக்கே புரிஞ்சிடுச்சு. தளி அக்கா, நீங்க சொன்னது சரி தான், பந்த ஊதிட்டு தான் இருந்தாங்க.

சும்மா_கேக்குறேன்:

எல்லாம் சரி, ஆனா 1918ல வந்த ஃப்ளூவுல செத்தவங்கள்ல 20ல இருந்து 40 வயசுக்காரங்க தான நெறைய? 2009ல பன்னிக்காய்ச்சல் வந்தப்பவும் இளவட்டங்க தான் மாட்டுனாங்க. வயசானா நுரையீரல் வீக்குன்னா அப்ப எப்படி கிழவனுங்க தப்பிச்சாங்க?

நுண்ணுயிர்_பித்தன்:

நல்ல கேள்வி. 2009 கதை ஓரளவு தெளிவு. 1918 வைரஸோட வாரிசுங்க, எச்1என்1 வகை, 1957 வரைக்கும் ஊருக்குள்ள சுத்திட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் காணாம போயி 1977ல தான் திரும்ப வந்துச்சு. 1957க்கு முன்னாடி பொறந்தவங்க சின்ன வயசுலயே அத பாத்திருக்காங்க, 2009ல வந்தது அதோட சாயல்ல இருந்ததால அவங்க ஒடம்புல இருந்த பழைய ஞாபகம் காப்பாத்துச்சு. அதாவது நுரையீரல் கெழடா இருந்தாலும் அந்த ஒரு திருடன மட்டும் மொகம் தெரியும். அப்பவும் வயசானவங்களுக்கு தொத்துனது தான் கம்மி, தொத்துன வயசானவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா அவங்க பொழைக்கிறது இளசுங்கள விட கஷ்டமா தான் இருந்துச்சு. 1918க்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி வெளக்கம் சொல்றாங்க, ஆனா அதுல இன்னும் சண்ட ஓயல. 1968ல வந்த எச்3என்2 வகை எந்த வருஷம் அதிகமா சுத்துதோ அந்த வருஷம் வயசானவங்களுக்கு ரொம்ப மோசமா இருக்கும். ஆயாவுக்கு டெஸ்ட்ல வெறும் "இன்ஃப்ளூயன்சா ஏ"ன்னு மட்டும் தான போட்டிருப்பாங்க, உள்வகை எழுத மாட்டாங்க.

காவேரிப்பட்டணம்_மாங்கா:

அதெல்லாம் இருக்கட்டும், ஆவி புடிக்கலாமா கூடாதா, அத சொல்லுங்க. மாமியார் தெனம் புடிச்சிகினு இருக்காங்க.

தளி_மழை:

மூக்கடைப்புக்கு எதமா இருக்கும், வைரஸ் சாகாது. வயசானவங்கள தனியா போர்வைக்குள்ள கொதிக்கிற குண்டான் முன்னாடி ஒக்கார வெக்காதீங்க, சரிஞ்சு மடியில ஊத்திகிட்டு வந்தவங்கள பாத்திருக்கேன். ஆடாதோடை கசாயம் குடுக்கிறதா இருந்தா மத்த மாத்திரையோட பட்டியல டாக்டர் கிட்ட சேத்து காட்டுங்க. உங்க மாமியார் பல்செட்டு போடுறவங்களா அண்ணா? போட்டா ராத்திரி கழட்டி கழுவி வெக்க சொல்லுங்க. ஜப்பான்ல 85 வயசு தாண்டுன 500 பேருக்கு மேல வெச்சு பாத்தாங்க, பல்செட்டோட தூங்குறவங்களுக்கு நிமோனியா ரெண்டு மடங்குக்கு மேல. வாயில இருக்கிற கிருமி தூக்கத்துல எச்சிலோட நுரையீரலுக்குள்ள எறங்கிடும், இருமி தள்ளுற உணர்ச்சி தான் மழுங்கியிருக்கே. வெத்தல போடுற ஆயாவும் வாய நல்லா கொப்புளிச்சிட்டு படுக்கணும்.

பாலக்கோட்டான்:

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவ வராம இருக்க தடுப்பூசி போடலாமா? எங்கூர்ல பி.பி., சுகர் பாக்க மாசா மாசம் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வருவாங்க, அவங்க கிட்ட கேட்டா கெடைக்குமா? அந்த திட்டமே நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளில தான 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. வயசானவங்களுக்கு ஊசி போட்டாலும் ஏறாதுன்னு சித்தப்பா சொல்றாரு, அதான் கேக்குறேன்.

தளி_மழை:

அவங்க மெயினா பி.பி., சுகர் மாத்திரை குடுக்க வர்றவங்க. ஆனா அவங்க கிட்ட ஆயாவுக்கு நிமோனியா வந்துச்சுன்னு சொல்லி வைங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல எழுதி வெச்சுப்பாங்க. ஃப்ளூ ஊசி நம்மூர்ல பெரியவங்களுக்கு பெரும்பாலும் காசு குடுத்து தனியார்ல தான் போடணும். வைரஸ் மாறிட்டே இருக்கிறதால வருஷா வருஷம் போடணும், மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. நிமோகாக்கஸ் ஊசி தனி, அதையும் கேளுங்க, ரெண்டு ஊசியும் எப்ப போடலாம்னு ரிவ்யூல டாக்டர் சொல்வாங்க.

ஏறாதுன்னு சித்தப்பா சொல்றது பாதி உண்மை. வயசானவங்களுக்கு ஊசியோட பலன் கொறச்சலா தான் கெடைக்கும், அதனால தான் சில நாட்டுல 65 தாண்டுனவங்களுக்குன்னே நாலு மடங்கு மருந்து வெச்ச ஊசி போடுறாங்க. ஆனா கொறச்சலா கெடைச்சாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போறது கொறையும். முக்கியமா பையனுக்கு போடுங்க. ஜப்பான்ல 1962ல இருந்து ஸ்கூல் பசங்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டாங்க, பின்னாடி அத கட்டாயமாவே ஆக்குனாங்க, 1987ல கட்டாயத்த எடுத்தாங்க, 1994ல திட்டத்தயே நிறுத்திட்டாங்க. பின்னாடி கணக்கு பாத்தா, பசங்களுக்கு போட்ட காலத்துல செத்துப்போற பெரியவங்க எண்ணிக்கை கொறஞ்சிருந்துச்சு, நிறுத்துனதும் மறுபடி ஏறிடுச்சு. வீட்டுக்குள்ள கொண்டாறது பசங்க தான, அங்கயே நிறுத்துனா ஆயாவோட நுரையீரல் சண்டை போட வேண்டியதே இல்ல. அண்ணன் அண்ணி நீங்க எல்லாருமே போட்டுக்கறது நல்லது.

வாங்குறப்ப ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த மருந்து 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவும் கூடாது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து குடுக்குறாங்களான்னு பாத்து, ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்துட்டு போங்க. அத விட ஊசி போடுற எடத்துலயே மருந்தும் இருக்கிற ஆஸ்பத்திரியா பாத்து போயிட்டா அலைச்சல் இல்ல.